கோட்டுக்கு அடியில் ஒரு வீடு

இப்போது கம்ப்யூட்டரில் கோட்டின் கனத்துக்கென்றே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் எந்த எண்ணைத் தட்டுகிறோமோ அந்தக் கனத்தில் கோடு விழும். நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் நித்யா போன மாதம் போன் செய்தாள். "மேடம், நீங்கல்லாம் தெனம் காலைல நிப்ப அளந்துக்கினு இருந்தீங்களாமே, இன்னாத்துக்கு மேடம்? தடியா இருந்தா இன்னா, மெல்லிசா இருந்தா இன்னா, கோடு கோடுதானே?" என்றாள்.

கோடு கோடுதானே! எனக்கு வந்த கோபத்துக்கு அவள் நேரில் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். "வைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். கோபம் ஆறிய பிறகு யோசித்தால் அவள் கேட்டதில் தப்பில்லை. ஆயுசில் பாதியைக் கோடு போட்டே கழித்த எனக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் இருந்தது, கல்வராயன் மலையில் ஒரு வீட்டுக்குள் போய் நிற்கிற வரைக்கும். போனில் சொல்லித் தீருகிற பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம் போல வருமா என்று இதைப் படித்துவிட்டு யாரும் பெருமூச்சு விட வேண்டாம். கையால் வரைபடம் வரைவது கண்ணைக் கெடுத்து, கழுத்தை ஒடித்துப்போடுகிற வேலை. அது ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

சொந்த ஊர் நைனார்பாளையம். அப்பா கரும்பும் மரவள்ளியும் வைத்திருந்தார். நான் ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்புப் படித்தேன், வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். மலை ஊர்களின் வரைபடங்களைப் புதுப்பிப்பதற்காக அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தனிப்பிரிவு போட்டிருந்தார்கள். இன்று அந்தப் பிரிவு இல்லை, கலைத்துவிட்டார்கள். வாடகைக் கட்டடத்தில் மாடி. கீழே உரக்கடை. யூரியா நெடி படியேறி வந்து எங்கள் மேஜை வரைக்கும் உட்காரும். வேலை கிடைத்ததும் அப்பா கேட்டார்: "கோடு போட்றதுக்கா சம்பளம் தர்றாங்க? நான் நாப்பது வருசமா ஏர் புடிச்சி கோடுதான் போட்டுக்கினு இருக்கறேன். எனக்கு எவன் தந்தான்?"

அங்கே தலைமை வரைவாளர் சிங்காரம் சார். திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஒல்லி. பேச்சு அதைவிட ஒல்லி, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் வரைந்தது பிடிக்கவில்லை என்றால் அந்தத் தாளை நம் மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். அன்று மதியம் சோறு இறங்காது. நாலு வார்த்தை கத்திவிட்டுப் போயிருக்கலாமே மனுஷன் என்று நாங்கள் எல்லோருமே பொருமியிருக்கிறோம்.

நிப்பு அளக்கிற கதைக்கு வருகிறேன். எங்களுடையதும் பவுண்டன் பேனாதான், வயிற்றில் மை நிரப்பிக்கொள்வது. ஆனால் வரைகலைக்கென்று செய்தது. நிப்பைக் கழற்றி வேறு கனத்து நிப்பை மாட்டிக்கொள்ளலாம். வரைவது ட்ரேசிங் துணியில், அடியில் வைத்த படம் மேலே தெரிகிற மெல்லிய துணி அது. ஒவ்வொரு நிப்பின் மேலும் அதன் கனம் பொறித்திருக்கும். அந்த எண்ணை சார் ஒருநாளும் நம்பியதில்லை. "கம்பனிக்காரன் நம்ம துணியில போட்டுப் பாத்தானா? நம்ம மையில போட்டுப் பாத்தானா?" என்பார்.

காலையில் வந்ததும் நிப்பைக் கழுவித் துடைத்து மை நிரப்ப வேண்டும். ட்ரேசிங் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு இரும்பு ஸ்கேலை வைக்க வேண்டும். ஸ்கேலுக்கு அடியில் மெல்லிய அட்டை ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் மை ஸ்கேலுக்கு அடியில் ஓடி எல்லாவற்றையும் நாசமாக்கிவிடும். பேனாவை நட்ட குத்தாகப் பிடித்து, மூச்சை அடக்கி, நாலு விரல்கடை நீளத்துக்கு ஒரு கோடு. அது காய்ந்ததும் பக்கத்தில் வெள்ளை தெரியாமல் ஒட்டி இன்னொன்று, அதை ஒட்டி இன்னொன்று, இப்படிப் பத்துக் கோடு. பத்தும் சேர்ந்து ஒரு கறுப்புப் பட்டையாக நிற்கும். சார் தன்னுடைய அளவுக் கண்ணாடியோடு வருவார். கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடி அது, உள்ளே மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்த அளவுகோல் தெரியும். பட்டையை ஆரம்பத்தில், நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் அளந்து பத்தால் வகுப்பார். பொறித்திருக்கிற எண்ணைவிடக் கொஞ்சம் கூடினாலும் அந்த நிப்பு செத்தது. குறட்டால் அதன் மூக்கை ஒடித்து ஒரு காலி மருந்து பாட்டிலில் போட்டுவிடுவார், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதே என்று. மழைக்காலத்தில் இன்னும் தொல்லை. துணி ஈரத்தை இழுத்துக்கொண்டு, நல்ல நிப்பே பருத்த கோடு போடும். அப்போது மதியமும் ஒருமுறை அளக்க வேண்டும்.

காரணம் இதுதான். எங்கள் மலைப் படங்களில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் பத்து மீட்டர். அரை மில்லிமீட்டர் கனத்தில் எல்லைக்கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கு அடியில் ஐந்து மீட்டர் அகலத்துக்குப் பூமி மறைந்துபோகும். மலையில் ஒரு வீடே அவ்வளவு அகலம் இருக்காது. கோட்டின் நடுதான் எல்லை என்பது எங்கள் விதி. கோடு தடித்தால் நடு எங்கே என்று கண் தடுமாறும். சார் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "தரையில கோட்டுக்குக் கனம் கெடையாதும்மா. கனமெல்லாம் நம்ம நிப்புக்குத்தான்."

நான் இதை வேலை நுணுக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காளியம்மா வருகிற வரைக்கும்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. ஊர்ப் பெயர் வேண்டாம். காட்டை ஒட்டிய கடைசி வீடு. ஒருநாள் பஸ் பிடித்து இறங்கி, விசாரித்து விசாரித்து எங்கள் மாடிக்கு வந்துவிட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். மழையில் நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே வாசலில் நின்று, "கோடு போட்ற ஆபீசு இதாங்களா?" என்று கேட்டாள்.

விஷயம் எங்களுக்கு முன்பே தெரியும், கோப்பு வந்திருந்தது. அவள் வீடு காட்டுக்குள் இருக்கிறது என்று வனத்துறை சொன்னது. இல்லை, ஊருக்குள்தான் என்று ஊரார் சொன்னார்கள். எல்லைக் கற்கள் அந்த இடத்தில் ஒரு பெருமழையில் சரிந்து போயிருந்தன. எல்லை எங்கே என்று முடிவாகிற வரைக்கும் யாரும் வீட்டைத் தொடக் கூடாது என்று கோர்ட்டு நிறுத்தி வைத்திருந்தது.

"தொடக் கூடாதுன்னு உத்தரவு இருக்குதேம்மா. அப்புறம் இன்னா பயம்?" என்றேன்.

"பயம் இல்லீங்க. அவரு நனையறாரு" என்றாள்.

புருஷன் பெயர் சடையன். கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்த படுக்கை. கால்களை மடக்க முடியாது, நீட்டிய கால் நீட்டியபடியேதான். வீடோ புல் கூரை. "நாலு வருசமாக் கூரை மாத்தல. மாத்தப் போனா பாரஸ்ட் கார்டு வந்து, காட்டுல புதுசா எதுவும் கட்டக் கூடாதுன்னு நிறுத்தறாரு. சரின்னு கவர்மெண்டு தொகுப்பு வூடு கேட்டுப் போனா, கோடு தெரியாம பட்டா இல்ல, பட்டா இல்லாம வூடு இல்லன்றாங்க. மழை பேஞ்சா கட்டில இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கினு கெடக்கறேன். உள்ளன்னா உள்ளன்னு சொல்லுங்க, வெளியன்னா வெளியன்னு சொல்லுங்க. எதுனா ஒண்ணு சொல்லிடுங்கம்மா."

படத்தை விரித்தேன். களத்துக்குப் போன எங்கள் ஆட்கள், அங்கே பாறையில் வெட்டியிருந்த பழைய குறியிலிருந்து வீட்டை அளந்து வந்திருந்தார்கள். அந்த அளவைப் படத்தில் வைத்துப் பார்த்தால் வீடு காட்டில் விழவில்லை, ஊரிலும் விழவில்லை. முழுசாகக் கோட்டுக்கு அடியில் போய்விட்டது.

"எங்க வூடு எதுங்க?"

விரலை வைத்துக் காட்டினேன்.

"இது கோடாச்சே."

"அதுக்கு அடியில இருக்குதும்மா."

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நகத்தால் அந்தக் கோட்டைச் சுரண்டிப் பார்த்தாள்.  சிங்காரம் சார் தன் கைக்குட்டையை எடுத்து அவள் விரலுக்கும் படத்துக்கும் நடுவில் மெதுவாக நுழைத்தார். அப்படியே கண்ணாடியை எடுத்து அந்தக் கோட்டை அளந்தார். புள்ளி எட்டு மில்லிமீட்டர். "இந்த நிப்பு நம்ம கிட்டயே இல்லியேம்மா. இவ்ளோ தடியா யாரு போட்டது?" என்று என்னைப் பார்த்தார்.

யார் போட்டதும் இல்லை. அதுவாகப் பருத்தது. இதை வெளியே இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். படம் மடித்து மடித்துக் கிழிந்தால் அதன்மேல் துணியைப் போட்டு நகல் எடுப்போம். அடியில் இருக்கும் பழைய கோடு சாம்பல் நிறத்தில் மேலே தெரியும். புதுக்கோடு ஒரு மயிரிழை விலகினாலும் பழசு பக்கத்தில் எட்டிப் பார்க்கும். சரிபார்க்கிறவர் இரட்டைக் கோடு என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் நகல் எடுக்கிறவர்கள் ஒரு நம்பர் தடித்த நிப்பை மாட்டிக்கொள்வார்கள், பழசை முழுசாக மூடிவிட. கோடு போட்டுப் பிழைத்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்தப் படம் எங்கள் பிரிவுக்கு வருவதற்கு முன்பு எங்கெங்கோ நகலாகி வந்திருந்தது. பழைய நகல்களைத் தேடி எடுத்து நான் அளந்தேன். ஒவ்வொரு நகலிலும் கோடு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெருக்கவில்லை. காட்டுப் பக்கம் கொஞ்சம்தான், ஊர்ப் பக்கம் ஜாஸ்தி. காரணம், ஊர்ப் பக்கம் வயல் நம்பர்களாக எழுதித் தள்ளியிருக்கும், மை காய்ந்திருக்காது. காட்டுப் பக்கம் வெறும் வெள்ளை. காடு என்று ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஸ்கேலை எங்கே வைப்பார்கள்? வெள்ளையில்தான். ஸ்கேல் காட்டில் படுத்தால் பேனா ஊர்ப் பக்கம்தான் ஓடும், மையும் அந்தப் பக்கம்தான் வழியும். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. கை ஈரத்தில் பட்டுவிடக் கூடாது என்று பார்த்ததுதான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையான கோடு தள்ளிக் காட்டுப் பக்கம்தான் இருக்கிறது, வீடு தப்பித்தது என்று குதித்தேன். அடுத்த முறை காளியம்மா வந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. "பயப்படாதீங்க, கோடுதான் பருத்துப்போயிருக்குது, உங்க வூடு வெளியதான் வரும்னு தோணுது" என்றேன். அவள் முகத்தில் அன்று ஒரு சிரிப்பு வந்தது. கொண்டுவந்த பையிலிருந்து ஒரு படி சாமையை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இறங்கிப் போய்விட்டாள்.

மூலப்படம் சென்னையில் இருந்தது. மலையை ஆண்ட ஜாகீர்தார்களின் உரிமை போய் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது அளந்து வரைந்தது. எழுதிக் கேட்டால் நகல்தான் அனுப்புவார்கள், இன்னொரு நகலை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா? நேரில் பார்க்க சார் அனுமதி வாங்கினார். என்னையும் அழைத்துப் போனார். இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும், ஒருவர் அளந்ததை இன்னொருவர் பார்க்கக் கூடாது, இரண்டும் ஒத்துப்போனால்தான் அது அளவு. அது அவருடைய முறை.

மூலப்படத்தில் அந்தக் கோடு புள்ளி இரண்டு. அவ்வளவு மெல்லிய கோட்டை நான் அதுவரை படத்தில் பார்த்ததில்லை. போட்டவனின் கையைக் கும்பிடலாம். பாறைக் குறியிலிருந்து கோட்டின் நடு வரைக்கும் நான் அளந்தேன். நான் நகர்ந்ததும் சார் அளந்தார். இரண்டு துண்டுச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றேதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் மடியில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"கோடு வூட்டுக்கு நடுவுல போவுதும்மா."

டீ கிளாசைக் கீழே வைத்தேன். "சார், புள்ளி ரெண்டுன்னா தரையில ரெண்டு மீட்டர். பாதி வூடு அந்தக் கனத்துக்குள்ளயே அடங்கிடுது. கோட்டுக்குள்ள வருது, எந்தப் பக்கம்னு சொல்ல முடியாதுன்னு எழுதிடலாமே?"

"எழுதலாம். எழுதினா மறுபடியும் பழைய கதைதான். கோர்ட்டு நிறுத்தி வெச்சது அப்படியே நிக்கும், அந்தாளு நனைஞ்சிக்கினே கெடப்பாரு. அந்தம்மா இன்னா கேட்டுது? எதுனா ஒண்ணு சொல்லுங்கன்னுதானே கேட்டுது?"

"அதுக்காக நடு வூட்லயா சார்?"

"நடுக்கோடுதாம்மா எல்லை. ரெண்டு மீட்டர் அகலத்துக்கு எவன் கல்லு நடுவான்? தரையில கோட்டுக்குக் கனம் கெடையாது."

எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை மறைக்க மாட்டேன். ஊர் வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அவர் கணக்கில் பிசகில்லை. பருத்த கோட்டின் நடுவை எல்லை என்று எடுத்திருந்தால் அவளுக்கு வாசல்படியும் கொஞ்சம் முன்பக்கமும்தான் மிஞ்சியிருக்கும். நாங்கள் அளந்ததால் அதைவிட ஒரு எட்டு, ஒரு காலடி தூரம், கூடுதலாகக் கிடைத்தது. என் சர்வீசில் நான் ஒரு குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த ஒரு எட்டுதான்.

கோட்டைத் தரையில் போட ஜீப்பில் மலை ஏறினோம். சார், நான், டேப்பு பிடிக்க ஓர் ஆள். வனத்துறை கார்டு அங்கே காத்திருந்தார். அவரும் பாவம், சொன்னதைச் செய்கிறவர். பாறைக் குறியிலிருந்து டேப்பு பிடித்து, வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்தோம். இரண்டுக்கும் நடுவில் நூல் கட்ட வேண்டும். நடுவில் வீடு. மண் சுவருக்கும் கூரைக்கும் இடையில் இருந்த சந்தில் நூலை நுழைத்து அந்தப் பக்கம் இழுத்தார்கள். வீட்டுக்குள் உத்தரத்துக்குக் கீழே நூல் விறைப்பாக நின்றது.

இனி நூலிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது காட்டுகிற இடத்தில் தரையில் சாக்குக்கட்டியால் குறி போட வேண்டும். சார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சாணம் மெழுகிய தரை, கூரையில் அங்கங்கே வானம். நடுவில் கட்டிலில் சடையன் படுத்திருந்தார். சார் குண்டை இறக்கினார். அது நேராகப் போர்வையின் மேல், சடையனின் இடுப்புக்கு மேல் வந்து தொங்கியது.

"அம்மா, கட்டில கொஞ்சம் நவுத்தறீங்களா?" என்றார் சார்.

காளியம்மா நகரவில்லை. முளை அடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதை நான் எழுத விரும்பவில்லை. "இன்னாத்துக்கு நவுத்தணும்? இருக்கறத எழுதிக்கினு போங்க. தலை காட்டுல, காலு பட்டாவுல" என்றாள்.

சடையன் அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப இடுப்பு யாருதுங்க?"

பதிலையும் அவரே சொன்னார்.

"அது ஒடஞ்சதுதாங்க. யாருக்கு வேணுமோ எடுத்துக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

கார்டு சத்தமாகச் சிரித்துவிட்டார். அடுத்த நொடியே முகம் செத்துப்போய் வெளியே போய்விட்டார்.  சாரின் குண்டு ஆடியது. அது நிற்கிற வரைக்கும் அவர் அசையாமல் நின்றார். நின்றதும் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டார். அதோடு விட்டிருக்கலாம். மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியிலும் கையை நீட்டி இரண்டையும் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தார். அவரால் வேறு மாதிரி இருக்க முடியாது.

அறிக்கை போனது. கோர்ட்டின் தடை நீங்கியது. பின்பாதியை இடித்தார்கள். முன்பாதிக்குப் பட்டா உண்டு, தொகுப்பு வீட்டுக்கும் மனு போடலாம், மழைக்கு முன்பே வந்துவிடும் என்றார்கள். அரசாங்கத்தில் மழைக்கு முன்பு எது வந்திருக்கிறது!

எல்லைக் கல் நட நாங்கள் மறுபடி போனபோது, வாய் பிளந்த மாதிரி வீட்டின் பின்புறம் திறந்து கிடந்தது. அடுப்பும் சாமைக் குதிரும் முன்பக்கம் வந்திருந்தன. காளியம்மா மண் குழைத்து வைத்திருந்தாள், பின்சுவர் எழுப்ப. சாரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, கோட்டுக்குக் கனம் இல்லன்னு சொன்னீங்களாம். சுவத்துக்கு இருக்குதுங்களே. அத எந்தப் பக்கம் கட்டறது?"

கார்டு முந்திக்கொண்டார். "காட்டுல ஒரு வெரக்கட கூட வரக் கூடாதும்மா. எனக்கு வேலை போய்டும்."

 இவ்வளவு அளந்தோமே, சுவர் என்று ஒன்று இருப்பதை நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவை கூட நினைக்கவில்லை. அளவுக் கண்ணாடியில் பார்த்துச் சொல்கிற பதில் இல்லை அது. கடைசியில் சார், "உங்க பக்கமே கட்டிக்குங்கம்மா" என்றார். குரல் எப்போதையும்விடச் சன்னமாக இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு மண்ணை மிதிக்கப் போய்விட்டாள்.

சார் அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்கவும் அவருக்குத் தைரியம் இருந்திருக்காது.

கார்த்திகை மழை விட்டதும், நட்ட கல் நிற்கிறதா என்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். கல் நன்றாக நின்றது. புதுச் சுவரும் நின்றது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கனம். மண் சுவரை அதற்கு மேல் மெல்லிசாகக் கட்ட முடியாது. கட்டில் வெளியே சுவரில் சாய்த்து வைத்திருந்தது. கயிறு பாசி பிடித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், அடுப்பும் குதிரும்தான் இருந்தன.

காளியம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். நான் கேட்காமலேயே சொன்னாள். சுவர் எழும்பியதும் கட்டிலை உள்ளே போடப் பார்த்திருக்கிறார்கள். நீளவாக்கில் நுழையவில்லை. குறுக்கே போட்டால் அடுப்பு தடுத்தது, கதவும் திறக்கவில்லை. காலை மடக்கிப் படுக்க அவரால் முடியாது. கூரை இறவாணத்துக்குக் கீழே வெளியே போட்டு, தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். மழை எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. நாலைந்து நாள் குளிர் காய்ச்சல். முடிந்துவிட்டது.

"எவ்ளோ பத்தல?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அளந்து அளந்து பழகின வாய்.

"ஒரு சாண்" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஏதேதோ உளறினேன். நாங்கள் இரண்டு பேர் தனித்தனியாக அளந்தோம், ஒத்துப்போனது, சென்னை வரைக்கும் போய்ப் பார்த்தோம் என்றெல்லாம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், சொன்னது அவள்.

"யாரு இல்லன்னதுங்க? அழாதீங்க. நீங்க போட்ட அளவு சரிதான். எங்க வூட்டுக்காரருதான் ஒரு சாண் நெட்டையாப் போயிட்டாரு."